கேப்சர் பண்ணின ஃபைல் விஎல்சி-யில ஓடுது, என்கோடர்ல திறக்க மாட்டேங்குது: உதவி தேவை

கேசட்பெட்டி | சனி, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா கல்யாண கேசட்டை (1991, விஎச்எஸ், இ-180) டிஜிட்டலாக்கிட்டு இருக்கேன். மொத்தம் மூணு ஃபைல்:

மாப்பிள்ளை அழைப்பு.எம்பி4: 2.6 ஜிபி
முகூர்த்தம்.ஏவிஐ: 38 ஜிபி
ரிசப்ஷன்.ஏவிஐ: 21 ஜிபி

ரெண்டு ஏவிஐ-யும் பழைய லேப்டாப்புல (விண்டோஸ் 7, 32 பிட்) யூஎஸ்பி கேப்சர் டாங்கிள் மாட்டி வர்ச்சுவல்டப்புல எடுத்தது. அந்த லேப்டாப் இப்ப உயிரோட இல்ல, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வச்சிருக்கேன். எம்பி4 புது லேப்டாப்புல (விண்டோஸ் 11) ஓபிஎஸ்ல எடுத்தது.

மூணையும் சின்னதா என்கோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு டிவியில பாக்கணும், அவ்வளவுதான் தேவை. ஆனா நான் காசு குடுத்து வாங்கின என்கோடர் (வீடியோவைச் சுருக்கி மாத்துற சாஃப்ட்வேர், 64 பிட்) மூணையுமே "அன்சப்போர்ட்டட் ஃபைல்"னு தள்ளிடுது. ஹேண்ட்பிரேக் (இலவச என்கோடர்) இன்னும் போட்டுப் பாக்கல. முகூர்த்தம் மட்டும் விஎல்சி-யில நல்லா ஓடுது. அதுல ஓடுற ஃபைல் இதுல ஏன் திறக்கல?

மறுபடி கேப்சர் பண்ணலாம்னு சொல்லிடாதீங்க. ரிசப்ஷன் எடுத்த கையோட விசிஆர் டேப்பைத் தின்னுடுச்சு. உள்ள மாட்டி, நடுவுல நல்லா கசங்கிப் போச்சு.

---

வெள்ளித்திரை88 | சனி, காலை 10.05

ஏவிஐ-ங்கறதை எம்பி4-னு ரீனேம் பண்ணிப் பாருங்க ப்ரோ. எனக்கு ஒரு தடவை ஒர்க் ஆச்சு.

---

கொங்குக்கோடெக் | சனி, காலை 10.20

கே-லைட் மெகா பேக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கிற கோடெக் எல்லாம் சேந்த தொகுப்புங்க) போடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, முடிஞ்சதுங்க. இதுக்குப் போய் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்.

---

ரீல்சுத்தி | சனி, காலை 11.15

தம்பி, ரீனேமும் வேண்டாம், கோடெக் பேக்கும் இப்போதைக்கு வேண்டாம். முதல்ல மூணு ஃபைலையும் இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுத்து வைங்க. இனிமே எது செஞ்சாலும் அந்தக் காப்பியில மட்டும் செய்யுங்க. ஒரிஜினல் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வச்சிடுங்க.

அப்புறம் மீடியாஇன்ஃபோ (ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற டூல்) இறக்கி, மூணு ஃபைலையும் ஒவ்வொண்ணா அதுல இழுத்துப் போட்டு, என்ன காட்டுதுன்னு இங்க ஒட்டுங்க. டெக்ஸ்ட் வியூவுல வச்சா முழுசா வரும். ஃபார்மேட், கோடெக் ஐடி, டியூரேஷன், ஃபிரேம் ரேட், ஸ்கேன் டைப் இந்த அஞ்சும் கண்டிப்பா வேணும். கூடவே ப்ராபர்ட்டீஸ்ல சைஸை பைட் கணக்குல பாத்துச் சொல்லுங்க. 38 ஜிபி, 21 ஜிபின்னு ரவுண்டா சொன்னா எனக்குப் பத்தாது.

"விஎல்சி-யில ஓடுதே"ங்கறது எல்லாரும் கேக்குற கேள்விதான். விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடரை எல்லாம் கையோட கொண்டுவரும், விண்டோஸ்கிட்ட எதையும் கேக்காது. ஹேண்ட்பிரேக், கமாண்ட் லைன்ல ஓடுற எஃப்எஃப்எம்பெக் ரெண்டும் அதே ரகம். ஆனா நிறைய என்கோடரும் எடிட்டரும் ஏவிஐ-ன்னு பாத்ததும் "இந்த கோடெக்குக்கு யார் இருக்கா"ன்னு விண்டோஸைக் கேக்கும். விண்டோஸ் கைய விரிச்சா ஃபைலே கோளாறுன்னு சொல்லிடும். அதனால விஎல்சி-யில ஓடுதுன்னா டேட்டா பத்திரமா இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

@வெள்ளித்திரை88: கடைசி மூணு எழுத்தை மாத்தினா உள்ள இருக்கிறது மாறாது. பெரும்பாலான சாஃப்ட்வேர் அந்த எழுத்தைக் கண்டுக்கறதே கிடையாது, ஃபைலோட முதல் சில பைட்டைத்தான் படிக்கும். உங்களுக்கு ஒர்க் ஆனது அந்த ஃபைல் முதல்லயே எம்பி4-ஆ இருந்திருக்கும், யாரோ பேரைத் தப்பா போட்டிருப்பாங்க.

---

கேசட்பெட்டி | சனி, மதியம் 1.30

காப்பி எடுத்துட்டேன் அண்ணாச்சி. (நெல்லைன்னு ப்ரொஃபைல்ல பாத்தேன், கூப்பிடலாம்ல?)

முகூர்த்தம்: ஃபார்மேட் ஏவிஐ, ஓப்பன்டிஎம்எல். வீடியோ லேகரித், கோடெக் ஐடி எல்-ஏ-ஜி-எஸ். 720க்கு 576, 25 ஃபிரேம். டியூரேஷன் 1 மணி 5 நிமிஷம். ஆடியோ பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ். ஸ்கேன் டைப்னு ஒண்ணுமே காட்டல.

ரிசப்ஷன்: ஏவிஐ-ன்னு மட்டும் வருது. டியூரேஷனே இல்ல. "இஸ் ட்ரங்கேட்டட்: யெஸ்"னு ஒரு வரி இருக்கு. சைஸ் 22,61-னு ஆரம்பிக்கிற 11 இலக்கம்.

மாப்பிள்ளை அழைப்பு: எம்பெக்-4, ஃபைல் சைஸ், அதோட சரி. வீடியோ, ஆடியோ ரெண்டு பகுதியும் இல்லவே இல்ல. இதுவும் ட்ரங்கேட்டட்.

ரிசப்ஷன் எடுக்கும்போது நடுவுல கரண்ட் போச்சு, பழைய லேப்டாப்புல பேட்டரியும் செத்துப் போனது. ஓபிஎஸ் ஓடும்போது லேப்டாப் ஹேங் ஆச்சு, பவர் பட்டனை அமுக்கித்தான் அணைச்சேன்.

---

ரீல்சுத்தி | சனி, மதியம் 2.10

தாராளமா கூப்பிடுங்க. கடைசிப் பாராவை முதல் பதிவுலயே போட்டிருந்தா ஒரு மணி நேரம் மிச்சம் ஆகியிருக்கும் 🙂

மூணுக்கும் மூணு வேற நோய். ஒரே மருந்து கிடையாது. ஒவ்வொண்ணா வாரேன்.

முகூர்த்தம். ஃபைல்ல ஒரு குறையும் இல்ல. லேகரித் லாஸ்லெஸ் (தரம் துளியும் குறையாம சுருக்கற) கோடெக், பென் கிரீன்வுட் எழுதினது, கடைசி வெர்ஷன் 2011-ல வந்தது. பழைய லேப்டாப்புல அதை நீங்க இன்ஸ்டால் பண்ணியிருப்பீங்க, புதுசுல இருக்காது. 1.3.27 இன்ஸ்டாலர் போட்டா 32, 64 ரெண்டுமே ஏறிடும். இது முக்கியம்: 64 பிட் சாஃப்ட்வேரால 32 பிட் கோடெக்கைத் தொடவே முடியாது. அதேபோலத் திருப்பியும். ஹஃப்ஒய்யூவி-ங்கற இன்னொரு கோடெக்கோட பழைய 32 பிட்டை மட்டும் போட்டுக்கிட்டு "கோடெக் இருக்கே, ஏன் திறக்கல"ன்னு மண்டைய உடைக்கிறவங்க இன்னைக்கும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. லேகரித் செட்டிங்ஸ்ல நல் ஃபிரேம்னு ஒரு டிக் இருக்கு. அது ஆன்ல இருந்தா, முந்தின ஃபிரேமும் இதுவும் ஒரே மாதிரி இருக்கிற இடத்துல ஜீரோ பைட் எழுதிட்டுப் போயிடும். விஎச்எஸ்-ல புள்ளி ஆடிக்கிட்டே இருக்கும், ரெண்டு ஃபிரேம் அச்சு அசலா அமையாது. ஆனா டேப் முடிஞ்சு நீலத் திரை வருமே, அந்த இடத்துல வரும். சில எடிட்டர் அங்க போய் முட்டிக்கும்.

ரிசப்ஷன். சைஸைக் கேட்டதுக்குக் காரணம் இதுதான். 4,29,49,67,295 பைட்டுல நின்னிருந்தா ஃபேட்32-ன்னு பழைய முறையில ஃபார்மேட் பண்ணின டிஸ்க்குல ஒரு ஃபைலுக்கு உண்டான எல்லை. 2 ஜிபி பக்கத்துல நின்னிருந்தா ஓப்பன்டிஎம்எல் (பெரிய ஃபைலுக்கான ஏவிஐ விரிவாக்கம்) தெரியாத, ஏவிஐ எழுதற பழைய சாஃப்ட்வேரோட எல்லை. உங்களுது ரெண்டாயிரத்து இருநூத்து அறுபது கோடி மாதிரி எங்கேயோ நிக்குது, அப்ப கரண்ட் கட்தான்.

ஏவிஐ-யில எந்த ஃபிரேம் எங்க இருக்குன்னு சொல்ற இன்டெக்ஸ், ரெக்கார்டிங் நிக்கும்போதுதான் முழுசாகும். தலைப்புல மொத்தம் எத்தனை ஃபிரேம்ங்கறதும் அப்பத்தான் நிரப்பப்படும். கரண்ட் போனதால ரெண்டும் நடக்கல. பொருளடக்கம் கிழிஞ்ச புத்தகம் மாதிரி. பக்கம் எல்லாம் உள்ள இருக்கு. ஏவிஐ-யில ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னாடி அதுக்கு உண்டான அடையாளமும் நீளமும் எழுதியிருக்கும். லேகரித்துல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிக்கிற முழுப் படம் வேற. அதனால முதல்ல இருந்து நடந்து போய் இன்டெக்ஸை மறுபடி கட்டிடலாம். வர்ச்சுவல்டப்2 இதைத் தானாவே செய்யும்.

மாப்பிள்ளை அழைப்பு. இதுதான் கஷ்டம். சாயங்காலம் கடை மூடிட்டு வந்து எழுதுறேன்.

---

கொங்குக்கோடெக் | சனி, மதியம் 2.45

அண்ணாச்சி, கே-லைட் 2008-ல இருந்த மாதிரி இப்ப இல்லைங்க. அப்ப ரெண்டு மூணு ஸ்பிளிட்டர் (படத்தையும் சத்தத்தையும் பிரிக்கிற பகுதி) ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு சிஸ்டமே சுத்தும், ஒத்துக்கறேன். இப்ப சுத்தமாத்தான் வருது. மெகாவுல லேகரித்தும் உண்டு. ஒரே இன்ஸ்டால்ல முடியறதை ஏனுங்க துண்டு துண்டா பண்ணணும்?

---

ரீல்சுத்தி | சனி, மதியம் 3.00

பேக் கெட்டதுன்னு நான் சொல்லல. மூணுல ரெண்டு ஃபைல் உடைஞ்சு கிடக்கு, அதுக்கு எந்த பேக்கும் ஒண்ணும் செய்யாது. போட்டுட்டு மூணாவதும் திறக்கலன்னா எதனால திறக்கலன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான்.

---

யாழ்தேவி_டொராண்டோ | சனி, மாலை 4.25

வணக்கம். தம்பியின்ர இழைக்குள்ள புகுந்து கதைக்கிறதுக்கு மன்னிக்கோணும், ஆனால் பிரச்சினை கிட்டத்தட்ட ஒண்டுதான் எண்டு நினைக்கிறன்.

என்னட்ட ஹை8 (பழைய கைக்கமரா) கேசட் கொஞ்சம் கிடக்கு, எல்லாம் இஞ்ச கனடாவில எடுத்தது. டிஜிட்டல்8 கமராவில போட்டு ஃபயர்வயர் கேபிளாலை பழைய கம்ப்யூட்டருக்கு, விண்டோஸ் மூவி மேக்கராலை ஏத்தி வச்சனான். ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி மட்டில வந்தது. இப்ப ஒரு பழைய என்கோடரிலை போட்டால் படம் வருது, சத்தமே இல்லை. இன்னொண்டு திறக்கவே மாட்டன் எண்டுது. மீடியாஇன்ஃபோ டிவி (டிஜிட்டல் வீடியோ, டெலிவிஷன் இல்லை) எண்டு காட்டுது, 720க்கு 480, 29.97.

---

கொங்குக்கோடெக் | சனி, மாலை 5.00

@யாழ்தேவி_டொராண்டோ: இது எனக்குத் தெரிஞ்ச ஏரியாங்க அண்ணா. டிவி ஏவிஐ-யில டைப் 1, டைப் 2-ன்னு ரெண்டு இருக்குங்க. ஃபயர்வயர்ல வர்ற டிவி டேட்டாவுலயே படமும் சத்தமும் பின்னிப் பிணைஞ்சுதான் வரும். டைப் 1 அதை அப்படியே ஒரே ஸ்ட்ரீமா போட்டு வைக்கும். டைப் 2 சத்தத்தைத் தனியா இன்னொரு ஸ்ட்ரீமாவும் எழுதி வைக்கும். மூவி மேக்கர் எழுதறது டைப் 1. பழைய சாஃப்ட்வேர் பலதுக்கும் ஏவிஐ-ன்னா வீடியோ ஒரு ஸ்ட்ரீம், ஆடியோ ஒரு ஸ்ட்ரீம். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்தா, சத்தம் இருக்கறதே அதுக்குத் தெரியாதுங்க.

எஃப்எஃப்எம்பெக்ல இன்புட்டா அந்த ஃபைல், கோடெக் இடத்துல "காப்பி", அவுட்புட்டுக்கு வேற பேர்ல ஒரு ஏவிஐ. அவ்வளவுதான். சத்தம் தனி ஸ்ட்ரீமா பிரிஞ்சு டைப் 2 ஆயிரும். ரீ-என்கோட் கிடையாது, தரம் ஒரு துளி குறையாது, டிஸ்க் வேகத்துக்கு ஓடி முடிஞ்சுரும்.

அவுட்புட்ல ஆடியோ 32 கிலோஹெர்ட்ஸ்னு காட்டினா பயப்படாதீங்க. நிறைய ஹேண்டிகேம்ல 12 பிட்டுங்கறதுதான் டீஃபால்ட்டா வச்சிருப்பாங்க, அது 32-தான். எடிட்டர்ல போடும்போது 48-க்கு மாத்திக்கலாம்.

---

யாழ்தேவி_டொராண்டோ | சனி, மாலை 5.50

தம்பி, நீர் சொன்ன மாதிரியே செய்தன். சத்தம் வந்திட்டுது! சொன்ன மாதிரி 32 தான். பெரிய நன்றி.

---

கேசட்பெட்டி | சனி, இரவு 7.30

லேகரித் 1.3.27 போட்டாச்சு, ரீஸ்டார்ட்டும் ஆச்சு. ஹேண்ட்பிரேக் இறக்கி முகூர்த்தத்தைப் போட்டேன், உடனே திறந்துடுச்சு. ஆனா என் என்கோடர் இன்னும் அடம் பிடிக்குது. முன்னாடி "அன்சப்போர்ட்டட்"னு சொன்னது, இப்ப "கேனாட் ஓப்பன் ஃபைல்"னு வேற மாதிரி சொல்லுது. வர்ச்சுவல்டப் 64 பிட்ல திறக்குது. அப்ப கோடெக் ஏறியிருக்குன்னுதானே அர்த்தம்?

---

ரீல்சுத்தி | சனி, இரவு 8.15

ஏறியிருக்கு. எரர் மாறினதே நல்ல சகுனம்தான். அந்த எரர் பெட்டியில ஃபைல் பேர் எப்படித் தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க. இன்னொண்ணு, இங்க எழுதும்போது மட்டும் "முகூர்த்தம்"னு போட்டீங்களா, இல்ல டிஸ்க்குலயே தமிழ்லதான் பேர் வச்சிருக்கீங்களா?

---

கேசட்பெட்டி | சனி, இரவு 8.20

டிஸ்க்குலயே தமிழ்தான். ஃபோல்டர் பேரும் தமிழ். எரர் பெட்டியில பேர் இருக்கிற இடத்துல வரிசையா கேள்விக்குறி:

டி:\??????\???????????.ஏவிஐ

---

ரீல்சுத்தி | சனி, இரவு 8.40

வந்துட்டான் திருடன்.

இது நம்ம ஊர்க்காரங்களுக்கே உண்டான வியாதி, இங்கிலீஷ் ஃபோரம்ல தேடினா லேசுல கிடைக்காது. விண்டோஸ்ல ஃபைல் பேரை ரெண்டு விதமாக் கேக்கலாம்: யூனிகோட் (எல்லா மொழி எழுத்தும் அடங்கினது), ஆன்சி (பழசு, மொழிக்கு மொழி தனி எழுத்துப் பட்டியல், அதுக்குப் பேர்தான் கோட்பேஜ்). உங்க என்கோடரோட மேல்பூச்சு புதுசா இருந்தாலும் ஏவிஐ படிக்கிற உள்பாகம் ஆன்சி-யில கேக்குது. ரஷ்யன், ஜப்பானிய மொழிக்கெல்லாம் விண்டோஸ்ல ஆன்சி கோட்பேஜ் உண்டு. சிஸ்டம் லொகேலை (விண்டோஸோட மொழி செட்டிங்) மாத்தினா அவங்க பேர் ஓடிடும். தமிழுக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, விண்டோஸ்ல தமிழ் முதல்ல இருந்தே யூனிகோட் மட்டும்தான். அதனால லொகேலைத் தமிழ்னு மாத்தினாலும் பலிக்காது. மாத்தத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடும், அந்தப் பேர்ல ஃபைல் இருக்காது, "திறக்க முடியல"ன்னு வந்து நிக்கும்.

விண்டோஸ் 10-லயும் 11-லயும் ரீஜன் செட்டிங்ஸ்ல யூடிஎஃப்-8 பீட்டான்னு ஒரு டிக் இருக்கு. சில சாஃப்ட்வேர் அதுல சரியாகும், வேற சிலது குழம்பும். என் சிஸ்டத்துல நான் அதைத் தொடறதில்ல.

பேசாம ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் இங்கிலீஷ்ல பேர் வச்சிடுங்க, ஸ்பேஸ் இல்லாம. வேலை முடிஞ்சு வர்ற எம்பி4-க்கு "முகூர்த்தம்"னு அழகாத் தமிழ்ல வச்சுக்கலாம். இப்ப வர்ற டிவி நிறைய தமிழ்ப் பேரைக் காட்டும். காட்டலைன்னா கட்டம் கட்டமா வரும், படம் ஓடிடும்.

---

வெள்ளித்திரை88 | சனி, இரவு 8.50

ஆக மொத்தம் ரீனேம் பண்ணாத்தான் தீர்வு. காலையிலேயே சொன்னேனே 😎

---

கொங்குக்கோடெக் | சனி, இரவு 8.55

😂 உங்களை அசைக்க முடியாதுங்க.

---

கேசட்பெட்டி | சனி, இரவு 9.20

திறந்துடுச்சு!! பேரை மாத்தினதும் உடனே. ஒரு வாரமா இந்த ஒரு ஃபைலுக்கே முட்டிக்கிட்டு இருந்தேன்.

---

ரீல்சுத்தி | சனி, இரவு 10.00

சரி, மீதி ரெண்டு.

ரிசப்ஷனுக்கு: முதல்ல ஹெச்எக்ஸ்டி மாதிரி ஒரு ஹெக்ஸ் எடிட்டர்ல அதைத் திறந்து (படிக்க மட்டும், எதையும் சேவ் பண்ணாதீங்க) தொடக்கம், நடு, கடைசி மூணு இடத்தையும் பாருங்க. கரண்ட் கட்ல ஃபைலுக்கு இடம் ஒதுக்கிட்டு டேட்டா எழுதாமலே போயிருக்கும் சில நேரம். அப்ப வெறும் ஜீரோவா இருக்கும். நடுவுலயும் ஜீரோன்னா அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல. கன்னாபின்னான்னு எழுத்தா இருந்தா சந்தோஷப்படுங்க, அதுதான் உங்க படம்.

அப்புறம் வர்ச்சுவல்டப்2-ல திறங்க. இன்டெக்ஸ் இல்லைன்னு சொல்லி, தானே முதல்ல இருந்து கட்ட ஆரம்பிக்கும். 21 ஜிபி-க்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு மூடிடாதீங்க. படம் தெரிஞ்சதும் வீடியோ மெனு, ஆடியோ மெனு ரெண்டுலயும் டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி வச்சு, எஃப்7 அமுக்கி புதுப் பேர்ல வேற டிஸ்க்குல சேவ் பண்ணுங்க. டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி வைக்க மறந்தா கம்ப்ரஸ் பண்ணாம எழுதும். பிஏஎல் (பால்னு சொல்வாங்க, நம்ம ஊர் டிவி முறை) படத்துக்குக் கம்ப்ரஸ் இல்லாம மணிக்கு 75 ஜிபி ஆகும், அதுவும் ஒய்யூஒய்2-ங்கற நிற முறையில. ஆர்ஜிபி-யில போனா இன்னும் ஒண்ணரை மடங்கு.

மாப்பிள்ளை அழைப்புக்கு: எம்பி4-ல இன்டெக்ஸ் மட்டுமில்ல, எந்த ரெசல்யூஷன், எந்த என்கோடர் செட்டிங், ஆடியோ எந்த ரேட், டிகோடர் வேலையைத் தொடங்கறதுக்கு வேண்டிய எல்லாமே "மூவ்"ங்கற ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். சாதாரணமா ரெக்கார்ட் பண்ணும்போது அது கடைசியிலதான் எழுதப்படும். லேப்டாப்பை அமுக்கி அணைச்சதுல அந்தப் பெட்டியே இல்லாமப் போச்சு. எஃப்எஃப்எம்பெக்ல போட்டா "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்"னு வரும், பாருங்க. ஏவிஐ மாதிரி நடந்து போய்க் கட்டவும் முடியாது. உள்ள படத்துத் துண்டும் சத்தத்துத் துண்டும் மாறி மாறிக் கிடக்கும். எது எங்க தொடங்குதுன்னு ஏவிஐ-யில இருக்கிற மாதிரி அடையாளம் இருக்காது.

வழி ஒண்ணு உண்டு. அன்ட்ரங்க்னு ஒரு இலவச டூல். அதுக்கு அதே மிஷின்ல, அதே ஓபிஎஸ் செட்டிங்ல எடுத்த நல்ல ஃபைல் ஒண்ணு வேணும். அதைப் பாத்து உடைஞ்சதுக்குத் தலைப்பு எழுதிக் குடுக்கும். ஓபிஎஸ்-ல ப்ரொஃபைல் மாத்தலைன்னா ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணி ஒழுங்கா ஸ்டாப் குடுங்க. அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட், எக்ஸ்264-ஆ குவிக்சிங்க்கா எந்த என்கோடர்ல எடுத்தீங்களோ அதே, ஆடியோ ட்ராக் எண்ணிக்கையும் அதே. ஒண்ணு மாறினாலும் படம் பச்சையும் ரோஸுமாக் குதறி வரும்.

---

கொங்குக்கோடெக் | சனி, இரவு 10.25

இதுக்கு மேல ஓபிஎஸ்-ல எம்கேவி-யிலயே (எம்பி4 மாதிரி இன்னொரு ஃபைல் வகைங்க) ரெக்கார்ட் பண்ணுங்க. எம்கேவி பாதியில நின்னாலும் அது வரைக்கும் எழுதினது ஓடும். அப்புறம் ஃபைல் மெனுவுல ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் போய் எம்பி4 ஆக்கிக்கலாம், சில நொடி வேலைங்க. 2024-ல வந்த 30.2 வெர்ஷன்ல இருந்து ஹைப்ரிட் எம்பி4-ன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இந்தக் கோளாறுக்காகவே கொண்டு வந்ததுதான்.

---

கேசட்பெட்டி | ஞாயிறு, மதியம் 12.10

ரிசப்ஷன் வந்துடுச்சு அண்ணாச்சி. ஹெக்ஸ்ல நடுவுல எல்லாம் எழுத்து, கடைசியில மட்டும் ஒரு துண்டு ஜீரோ. வர்ச்சுவல்டப்2 பொறுமையாக் கட்டி முடிச்சது. 36 நிமிஷம், சத்தம் உதட்டோட சரியா இருக்கு. கடைசி ஃபிரேம் பாதிக்குக் கீழ சாம்பலா நிக்குது: தாத்தா மொய் கவரை வாங்கி நோட்டு எழுதறவர்கிட்ட நீட்டுறார், கை வரைக்கும் தெரியுது. அந்த இடத்துலதான் கரண்ட் போயிருக்கு.

எம்பி4: ஓபிஎஸ்-ல ஒரு சாம்பிள் எடுத்து அன்ட்ரங்க்ல குடுத்தேன். 43 நிமிஷமும் படம் வந்துடுச்சு. ஆனா போகப் போக சத்தம் பிந்துது. தொடக்கத்துல சரியா இருக்கு, கடைசியில நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழ இறக்கின பிறகும் சத்தம் கேக்குது.

---

ரீல்சுத்தி | ஞாயிறு, மதியம் 1.00

போகப் போகப் பிந்தினா சரிபண்ணலாம். நடுநடுவுல குதிச்சுக் குதிச்சுப் பிந்தினாத்தான் தலைவலி. ஃபைலைச் சில இடத்துல நிறுத்திப் பாருங்க: 10-ஆவது நிமிஷம், 20, 30, 40. பிந்துறது சீரா கூடிக்கிட்டே போகுதுன்னா ஆடியோவை மட்டும் தனியா எடுத்து, கடைசியில எவ்வளவு பிந்துதோ அந்த அளவுக்கு மொத்த நீளத்தையும் கொஞ்சம் சுருக்கிட்டா போதும். ஆடாசிட்டியில சேஞ்ச் டெம்போல செய்யலாம், சுருதி மாறாது. ஒரு இடத்துல திடீர்னு பிந்துதுன்னா அங்க ரெண்டா வெட்டி நகர்த்துங்க.

உங்க கேப்சர் டாங்கிள் எச்டிஎம்ஐ ரகமா? அதுல ஒரு சிப், எம்எஸ்2109, ஸ்டீரியோ 48-ஐ மோனோ 96 கிலோஹெர்ட்ஸ்னு விண்டோஸ்கிட்ட சொல்லும். சாம்பிள் ஃபைல் எடுக்கும்போதும் அதே டாங்கிள் மாட்டியிருந்தாத்தான் ஆடியோ செட்டிங் ஒத்துப் போகும். லேப்டாப் மைக்ல எடுத்தீங்களா?

---

கேசட்பெட்டி | ஞாயிறு, மதியம் 2.35

மைக்லதான். டாங்கிளை மாட்டி, அதே ஆடியோ சோர்ஸ் வச்சு மறுபடி சாம்பிள் எடுத்தேன். பிந்துறது பெரும்பாலும் போயிடுச்சு, கடைசியில மட்டும் ஒரு அரை நொடி இருக்கு. அதை ஆடாசிட்டியில பாத்துக்கறேன்.

இப்ப மூணுமே என்கோடர்ல திறக்குது. செட்டிங் என்ன வைக்கட்டும்? ஹேண்ட்பிரேக்லயே பண்ணிடவா?

---

ரீல்சுத்தி | ஞாயிறு, மாலை 4.15

டிவிக்கு மட்டும்னா ஹேண்ட்பிரேக் போதும். கேசட் படத்துல ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்தை வரி, ரெட்டை வரின்னு ரெண்டு ஃபீல்டா இருக்கும், அதைப் பிரிக்கிறதுதான் டீஇன்டர்லேஸ். அதுல பிடபிள்யூடிஐஎஃப் எடுத்து, ப்ரீசெட் பாப்னு வைங்க, 25 ஃபிரேம் 50 ஆகும். அப்பத்தான் ஊர்வலத்துல நடக்கறவங்க வழுக்கிக்கிட்டே போவாங்க, இல்லைன்னா வெட்டி வெட்டி வரும். ஃபிரேம் ரேட்ல 50, கான்ஸ்டன்ட். எச்.264, தரம் ஆர்எஃப் 18-ல இருந்து 20-க்குள்ள. டைமென்ஷன்ல ஆஸ்பெக்ட் 4:3 காட்டுதான்னு பாருங்க. 720க்கு 576-ஐ அப்படியே சதுரப் புள்ளியா விட்டா எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாத் தெரிவாங்க. மீடியாஇன்ஃபோ ஸ்கேன் டைப் காட்டாததால ஃபீல்ட் வரிசையைக் கண்ணாலதான் பாக்கணும். அனலாக் கேப்சர் பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதல்ல. ஓட்டிப் பாக்கும்போது கை அசைவு முன்னும் பின்னும் உதறினா மாத்திப் போடுங்க. டொராண்டோ அண்ணனுக்கு நேர் எதிர், டிஜிட்டல் வீடியோவுல கீழ் ஃபீல்ட்தான் முதல்ல.

ஓபிஎஸ் ஃபைலுக்கு மட்டும் டீஇன்டர்லேஸ் போடறதுக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க. ஓபிஎஸ்-ல ஏற்கெனவே ரெண்டு ஃபீல்டும் கலந்து படிஞ்சிருந்தா அதைப் பிரிக்க வழியில்ல, சும்மா விட்டுடுங்க.

என்கோட் ஆனதும் அந்த லேகரித் ஃபைலை அழிச்சிடாதீங்க. இடம் பத்தலைன்னா எஃப்எஃப்வி1-க்கு மாத்தி எம்கேவி-யில வைங்க. அதுவும் லாஸ்லெஸ்தான், சைஸ் இன்னும் கொஞ்சம் குறையும், விண்டோஸ்ல கோடெக் ஏத்தற தொல்லையும் இல்ல. விசிஆர் தயாரிச்சுக்கிட்டு இருந்த கடைசிக் கம்பெனி ஃபுனாய் 2016-லயே நிறுத்திட்டான். இனிமே அந்த டேப்பை ஓட்ட நல்ல டெக் தேடறதே பெரும்பாடு.

கசங்கின டேப்பைத் தூக்கிப் போடாதீங்க. கசங்கின ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டி, புது ஷெல்லுக்கு மாத்தி ஓட்டறவங்க இன்னும் இருக்காங்க. ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துச் சொல்றேன்.

---

யாழ்தேவி_டொராண்டோ | ஞாயிறு, இரவு 9.30

அண்ணை, கீழ் ஃபீல்ட் எண்டு வச்சுப் பார்த்தன், ஆட்டம் நிண்டிட்டுது. இன்னொரு கேள்வி: இதிலை ஒரு கேசட் ஊரிலை இருந்து வந்த ஆள் கொண்டந்தது, பால். என்ர கமரா என்டிஎஸ்சி, வட அமெரிக்க முறை. போட்டால் சத்தம் மட்டும் கேக்குது, படம் கறுப்பு வெள்ளையா உருளுது. இதுக்கு ஏதும் வழி இருக்கோ?

---

ரீல்சுத்தி | ஞாயிறு, இரவு 9.45

அந்தக் கமராவுல வழியில்லண்ணே. பால் டிஜிட்டல்8 இரவல் கிடைச்சா உண்டு. அதுக்குப் புது இழை போடுங்க, லண்டன்ல இருக்கிற நம்ம ஆளுங்க பாத்தா யாராவது வச்சிருப்பாங்க.